தெப்ப விருந்து

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது, கடல் மட்டும் இல்லை. அதனால் வந்த வினையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

"கடல் என்று ஒன்று இருக்கிறதாமே! நம் ஆறு போய் அதில்தான் விழுகிறதாமே!" என்று ஒருநாள் மயில் ஆரம்பித்தது.

மயில் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்வது குரங்கின் வழக்கம். "ஆமாம் ஆமாம், விழுகிறதாமே!" என்றது.

"அங்கே சாப்பிட என்ன கிடைக்கும்?" என்று காட்டுப்பன்றி கேட்டது. அதற்கு வேறு கேள்வியே தெரியாது.

"அவ்வளவு தூரம் எப்படிப் போவது?" என்று முயல் பயந்தது. எதற்கெடுத்தாலும் பயம் அதற்கு.

ஆற்றங்கரையில் இருந்த நீர்நாய் இதைக் கேட்டுச் சிரித்தது. "நடப்பானேன்? ஆற்றோடு மிதந்து போனால் ஆறே நம்மைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நாள் கொஞ்சம் ஆகும், அவ்வளவுதான். நான் தெப்பம் கட்டுகிறேன், வாருங்கள்."

புயலில் சாய்ந்த வாழைமரங்கள் கரையெல்லாம் கிடந்தன. நீர்நாய் அவற்றை உருட்டி வந்து இரண்டு அடுக்காக அடுக்கியது. காட்டுக்கொடியால் இறுக்கிக் கட்டியது. மூழ்காத, கவிழாத நல்ல தெப்பம். யானைக்குட்டி ஏறினாலும் தாங்கும்.

புறப்படும்போது நீர்நாய் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னது: "கீழாற்றில் முதலைகள் அதிகம். தெப்பத்தை விட்டு யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. தெப்பம் இருக்கும்வரை நமக்கு ஒரு பயமும் இல்லை."

"தெப்பம் இல்லாமல் போய்விட்டால்?" என்று முயல் கேட்டது. "எனக்கு நீந்தத் தெரியாதே!"

"தெப்பம் எங்கே போய்விடும்? அதற்குக் காலா இருக்கிறது?" என்று மயில் கேலி செய்தது. குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

சமையலுக்குக் கரடி வந்தது. பெரிய உடம்பு, சின்ன மனசு. யாராவது ஒரு வார்த்தை குறை சொல்லிவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. தினைமாவு, தேன், பலாச்சுளை, வள்ளிக்கிழங்கு, நெல்லிக்காய், காட்டுமிளகு என்று கூடை கூடையாகக் கொண்டுவந்து தெப்பத்தின் பின்பக்கம் அடுக்கிவைத்தது.

மயில் அந்தக் கூடைகளைச் சுற்றி வந்தது. "அத்தனை நாளும் இதையேவா சாப்பிடுவது? அலுத்துப் போகாதா?"

"என் கைப்பக்குவம் யாருக்கும் அலுத்ததில்லை" என்றது கரடி. பாவம், நம்பித்தான் சொன்னது.

முதல் சில நாட்கள் கொண்டாட்டம்தான். தினைமாவைத் தேனில் பிசைந்து உருண்டை பிடித்துத் தந்தது கரடி. கிழங்கைச் சீவி மிளகு தூவித் தந்தது. பலாச்சுளையைத் தேனில் ஊறவைத்துத் தந்தது. தேக்கிலையை விரித்து எல்லோரும் உட்கார்ந்துவிட்டால், கரைகள் இரண்டும் தாமாகவே நகர்ந்துபோகும். அசைய வேண்டாம், அலைய வேண்டாம். நேரத்துக்கு இலை வரும்.

வேறு வேலையே இல்லாதவர்களுக்குச் சாப்பாடு ஒன்றுதானே பேச்சு? ஒருநாள் மயில் மூக்கைச் சுளித்தது.

"மறுபடியும் தினைமாவா?"

"நேற்று உருண்டை. இன்றைக்கு அடை" என்றது கரடி.

"நேற்று உருண்டையாக இருந்தது, இன்றைக்குத் தட்டையாக இருக்கிறது. அவ்வளவுதானே வித்தியாசம்?"

"தட்டையாகத்தான் இருக்கிறது!" என்றது குரங்கு.

சொன்னதோடு நின்றதா மயில்? இல்லை. அந்த அடையைத் தூக்கி ஆற்றில் எறிந்தது! குழந்தைகளே, நல்ல சாப்பாடு, தேன் சொட்டுகிற சாப்பாடு! இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. குரங்கும் எறிந்தது. எல்லோரும் எறிகிறார்களே என்று காட்டுப்பன்றிகூட, பாதி தின்றுவிட்டு, மீதியை எறிந்தது.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. வேளைக்கு வேளை தினைமாவும் கிழங்கும் பலாச்சுளையும் ஆற்றோடு போயின.

ஒருநாள் தெப்பத்தின் ஓரத்தில் இருந்த முயல், "நமக்குப் பின்னால் மரக்கட்டைகள் மிதந்து வருகின்றன" என்றது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு துள்ளி நடுவில் வந்து விழுந்தது. "ஐயோ, அந்தக் கட்டைகளுக்குக் கண் இருக்கிறது!"

முதலைகள்! எறிந்த சாப்பாடு சும்மாவா போகும்? வழியெல்லாம் சாப்பாடு கிடைத்த ருசியில் தெப்பத்தின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.

"யார் எறியச் சொன்னது உங்களை?" என்று நீர்நாய் கத்தியது. "முதலையை விருந்துக்கு அழைப்பவர்கள் உண்டா?"

"வந்தால் என்ன? நாம் மேலே இருக்கிறோம், அவர்கள் கீழே இருக்கிறார்கள்" என்றது மயில். பிறகு கரடியின் பக்கம் திரும்பியது. "இதோ பார், நாளைக்கும் தினைமாவு என்றால் உன்னை அந்த மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவோம்."

"இறக்கிவிடுவோம்!" என்றது குரங்கு.

"புதிதாக ஏதாவது பண்ணிப் போடேன்" என்றது காட்டுப்பன்றி.

கரடி மணல்திட்டைப் பார்த்தது. அங்கே முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தன. கரடி மெல்லப் பின்வாங்கியது. கூடைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு அழுதது. புதிதாக என்று கேட்டால், ஆற்று நடுவில் அது எங்கே போகும்? எல்லாக் கூடையிலும் அதே தினை, அதே கிழங்கு.

அழுதுகொண்டே கை போன போக்கில் எதையோ உரித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால் வாழைமட்டை. தெப்பத்தின் ஓரத்து மரம். மட்டைக்குள்ளே வெள்ளை வெளேரென்று தண்டு தெரிந்தது.

கரடி சுற்றுமுற்றும் பார்த்தது. "ஒரே ஒரு மரம்தானே" என்று முணுமுணுத்தது. "அதுவும் அடி அடுக்கில்தானே."

அடுத்து அது செய்ததைக் கேளுங்கள். அடி அடுக்கிலிருந்து ஒரு மரத்தை உருவியது. மட்டையை உரித்து ஆற்றில் விட்டது. தண்டை வட்டம் வட்டமாக நறுக்கியது. வந்த நாரையெல்லாம் விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தது. நெல்லிக்காயைப் பிழிந்து ஊற்றி, மிளகை நுணுக்கிப் போட்டு இலையில் பரிமாறியது.

மயில் ஒரு துண்டைக் கொத்தியது. கண்ணை மூடியது. திறந்தது.

"அடடா! குளுகுளுவென்று இருக்கிறது, கறுக் கறுக்கென்றும் இருக்கிறது! இது என்ன?"

"அது... வந்து... புதுசு" என்றது கரடி.

"எதில் செய்தாய்?" என்று முயல் கேட்டது.

"எதில் செய்தால் உனக்கென்ன? ருசியாக இருக்கிறதா இல்லையா?" என்று மயில் அதட்டியது. "கரடியண்ணே, இன்னும் கொஞ்சம் வையுங்கள்!"

நேற்றுவரை 'இதோ பார்' என்றிருந்த மயில் இன்றைக்கு 'அண்ணே' என்கிறது! கரடிக்குத் தலைகால் புரியவில்லை. காட்டுப்பன்றி இலையையும் சேர்த்துத் தின்றது. கூடைகளில் இருந்த பழைய சாப்பாட்டை அதற்கப்புறம் யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

மறுநாள் இரண்டு மரம் போயிற்று. "இன்றோடு நிறுத்திவிடலாம்" என்று கரடி நினைத்தது. ஆனால் காலையில், "அண்ணே, அது இல்லையா?" என்று மயில் முகத்தைத் தொங்கப்போட்டால் மணல்திட்டு ஞாபகம் வந்துவிடும். உடனே இன்னொரு மரத்தை உருவும். காலையில் பச்சடி, மதியம் தேனில் ஊறிய துண்டு, மாலையில் கொறிக்க உப்பில்லாத சீவல். எல்லாம் அதே தண்டுதான்.

முன்பக்கம் வாலால் திசை திருப்பிக்கொண்டிருந்த நீர்நாய்க்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. "தெப்பம் தாழ்ந்து போகிறதே. முன்பெல்லாம் இப்படி இல்லையே."

"சாப்பாடு அப்படி! எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டோம்" என்று மயில் சொல்ல, எல்லோரும் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

"என் பாதம் நனைகிறது" என்றது முயல்.

"காலை மடக்கி உட்கார்."

அன்று மதியம் இலை போட்டாயிற்று. வெள்ளைத் துண்டுகள் குவியல் குவியலாக வந்தன. எல்லோரும் வாய் நிறைய எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்போது தெப்பத்தின் மேல் சளசளவென்று தண்ணீர் ஏறியது. முயலின் இலை மிதந்து, காட்டுப்பன்றியைத் தாண்டி, ஆற்றுக்குள் போயே போய்விட்டது.

நீர்நாய் சட்டென்று தண்ணீரில் முங்கித் தெப்பத்தின் அடியில் போய்ப் பார்த்தது. வெளியே வந்ததும் கத்தியது.

"அடி அடுக்கே இல்லை! ஒரு மரம்கூட இல்லை! மேல் அடுக்கிலும் பின்பக்க ஓரத்தில் சில மரங்களைக் காணோம்! யார் எடுத்தது?"

கரடி கையில் வைத்திருந்த வாழைமட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தது. அவ்வளவு பெரிய மட்டையை எங்கே மறைப்பது?

"நான் எடுத்தேன்" என்று கரடி கதறியது. "ஆனால் நான் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை! நீங்கள்தான் தின்றீர்கள்! மூன்று வேளையும் நீங்கள்தான் கேட்டுக் கேட்டுத் தின்றீர்கள்!"

மயிலின் வாயில் அப்போதும் ஒரு துண்டு இருந்தது. அதை விழுங்குவதா துப்புவதா என்று அதற்குத் தெரியவில்லை. குரங்கு தன் கையில் இருந்த துண்டைப் பார்த்தது, காலடியில் இருந்த மரத்தைப் பார்த்தது, மறுபடியும் துண்டைப் பார்த்தது. நம்ப முடிகிறதா உங்களால்? ஆற்று நடுவில் உட்கார்ந்துகொண்டு, அடியில் முதலைகளை வைத்துக்கொண்டு, ஏறி வந்த தெப்பத்தையே மிளகு தூவித் தின்றிருக்கிறார்கள்!

"நான் அன்றைக்கே கேட்டேனே, எதில் செய்தாய் என்று!" என்று முயல் அழுதது.

கட்டியிருந்த கொடி தளர்ந்து மரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக ஆரம்பித்தன. சுற்றிலும் கண்கள் மிதந்தன.

"வலதுபக்கம் கரை தெரிகிறது" என்று நீர்நாய் கத்தியது. "எல்லோரும் கையால் தள்ளுங்கள்! முதலைகளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்தால் போதும், தப்பிவிடலாம்!"

மயிலுக்கு உடனே யோசனை வந்தது. "கூடைகள் இருக்கின்றனவே! அவற்றில் உள்ளதைத் தின்றுதானே இவர்கள் இத்தனை நாள் பின்னால் வந்தார்கள்? எல்லாவற்றையும் கொட்டுங்கள்! தின்று முடிப்பதற்குள் கரைக்குப் போய்விடலாம்!"

நல்ல யோசனைதான். கரடி ஒரு கூடையைக் கவிழ்த்தது. குரங்கு ஒரு கூடையைக் கவிழ்த்தது. தினைமாவும் கிழங்கும் பலாச்சுளையும் ஆற்றில் பரவின. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளினார்கள்.

முதலைகளில் மூத்தது மெதுவாக முன்னால் வந்தது. ஒரு பலாச்சுளையை மோந்து பார்த்தது. மூக்கால் தள்ளி ஒதுக்கியது.

"மறுபடியும் இதுதானா?" என்றது.

மயில் பதறியது. "ஏன்? ஏன்? உங்களுக்குப் பிடிக்குமே!"

"முதலில் பிடித்துத்தான் இருந்தது. நீங்களும் தினம் தினம் இதையே போட்டீர்கள். அலுத்துவிட்டது" என்றது முதலை. பிறகு தலையைத் தூக்கித் தெப்பத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. "இன்றைக்குப் புதிதாக என்ன இருக்கிறது?"

கொடி அறுந்தது.

நீர்நாய் முயலின் கழுத்தைக் கவ்வி இழுத்துப்போய்க் காட்டுப்பன்றியின் முதுகில் போட்டது. காட்டுப்பன்றி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்தியது. கரடி ஒரு வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு காலை உதைத்தது. அதன் தலைமேல் குரங்கு உட்கார்ந்திருந்தது. மயில் சிறகை விரித்தது. சிறகு இருப்பவர்களுக்கு ஆறு ஒரு பொருட்டா? ஆனால் தின்று தின்று பெருத்த உடம்பு எழும்பவில்லை. ஒருமுறை எழும்பி விழுந்தது. இன்னொருமுறையும் எழும்பிப் பார்த்தது.

கரையேறியதும் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கரடி மணலில் குப்புறப் படுத்துக்கொண்டது. குரங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், எப்போதும்போல் மயிலின் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. அங்கே மயில் இல்லை.

நீதி: நாக்கின் அலுப்புக்கு இடம் கொடுத்தால், நம்மைத் தாங்கி நிற்பதையே அது தின்றுவிடும்.