உச்சி வெயிலில் ஒரு அடைமழை

கொம்பனூர் ஜமீன்தாருக்கு இசை தெரியாது, மீசைதான் தெரியும். கடம் வாசிக்கும் சிட்டம்மாவைக் கூப்பிட்டு, "மழையை வாசி. நான் நம்பலேன்னா உன் பானை சுக்குநூறு!" என்றார். பானை போனால் அவள் பிழைப்பே போச்சு.

"சமையக்கட்டு முற்றத்துல வாசிக்கிறேனுங்க எஜமான். சபையில இடி எடுபடாது."

உச்சி வெயில். விரல் நுனியால் தூறல் போட்டாள். அப்புறம் சடசடவென்று அடைமழை. பானை வாயை வயிற்றில் அழுத்தி அடித்ததும் இடியே குமுறியது.

"ஒரு சொட்டுகூட விழல. உடைங்கடா!"

அதற்குள் சமையக்கட்டிலிருந்து ஜமீன்தாரிணி அலறினார்: "மழை கொட்டுது, அங்க என்ன வெட்டிப்பேச்சு? மாடியில வடகம் நனையுது, ஓடுங்க!"

ஜமீன்தார் விழுந்தடித்து ஓடினார். வடகப் பாயைச் சுருட்டித் தலையில் ஏற்றிய பிறகுதான் அண்ணாந்து பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

கீழே சிட்டம்மா கையை நிறுத்தினாள்.

"மழை விட்டிருச்சுங்க எஜமான்! திரும்பக் காயப்போடுங்க!"