முன்கம்பு நல்லசிவம்

விடைபெற்றுக்கொள்ள நல்லசிவம் வந்து நின்றபோது உலகம்மை கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"போறேன்ம்மா."

"கடைக்கா?"

"மடத்தை விட்டு."

உலகம்மை நிமிரவில்லை. கட்டைவிரல் நகம் தடித்திருந்தது. அதை வெட்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

"எங்க?"

"வடக்கே."

"வடக்கேன்னா?"

"இன்னும் முடிவு பண்ணல. மலைப்பக்கமா ஏதாவது இடம்."

"இங்கயும் மலைதானே இருக்கு."

நல்லசிவம் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அங்க இருக்கிற யாரும் என்னை முன்னால பார்த்ததில்ல."

நகவெட்டி நின்றது.

கருங்காலி மலையின் அடிவாரத்தில் இருந்தது அந்த மடம். உச்சியில் ஒரு சின்ன முருகன் கோயில். எண்ணூற்று நாற்பது படிகள். ஏற முடியாதவர்களை டோலியில் வைத்து மேலே தூக்கிப் போவதுதான் மடத்துச் சீடர்களின் தொண்டு. ஒரு பிரம்பு நாற்காலி, அதன் இரண்டு பக்கமும் கட்டிய நீள மூங்கில் கம்புகள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை.

நல்லசிவம் அங்கே வந்தபோது அவனுக்கு இருபத்தேழு வயது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். "எனக்குப் பாட்டு தெரியாது, பூசை தெரியாது, தூக்கத்தான் தெரியும்" என்று சொல்லித்தான் சேர்ந்தான். சேர்ந்த மறுநாள் டோலியின் வலது முன்கம்பு அவன் தோளுக்கு வந்தது. அதன் பிறகு இந்த வருட ஐப்பசி வரை அது வேறு தோளுக்குப் போகவே இல்லை. சுற்று வட்டாரத்தில் அவனுக்கு முன்கம்பு நல்லசிவம் என்றே பெயர். உலகம்மையும் அப்போது சீடர்தான். அவனைவிட மூன்று வயது மூத்தவர். பத்து வருடம் முன்பு, மடத்தை நடத்திவந்த பெரியவர் காலமானபோது மடத்தின் பொறுப்பு உலகம்மையிடம் வந்தது. நல்லசிவத்துக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவனுக்கு முன்கம்பு போதும்.

வருத்தம் போன வருடம்தான் தொடங்கியது. முதலில் கண். பதிகப் புத்தகத்தில் எழுத்து தெரியவில்லை. அச்சு சரியில்லை என்றான். பிறகு வலது முழங்கால். படியில் நீர் கசிகிறது, வழுக்குகிறது என்றான். தாடி நரைத்தபோது அவனுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பூக்காரரிடம் சொல்லி டவுனிலிருந்து சாயம் வாங்கிவரச் செய்தான். சித்திரை வெயிலில் டோலி தூக்கியபோது அது வியர்வையோடு கரைந்து கழுத்து வழியாக இறங்கி வெள்ளைத் துண்டில் கறுப்பாகப் படிந்தது. எல்லாரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஐப்பசியில் அவன் காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் இசக்கிமுத்து என்பவன் முன்கம்பைத் தூக்கினான். முப்பத்தோரு வயது. மடத்துக்கு வந்து ஆறு வருடம். அந்த வாரம் வந்தவர்களில் ஒருவர்கூட நல்லசிவம் எங்கே என்று கேட்கவில்லை. அதை அவனே சமையல்கட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டான்.

"இருபத்திரண்டு வருசம் தூக்கினேன்ம்மா," என்றான் இப்போது. "இனிமே தூக்க முடியலன்னா நான் என்ன?"

உலகம்மை வெட்டிய நகங்களை ஒரு காகிதத்தில் கூட்டி எடுத்தார்.

"நாளைக்குக் கார்த்திகை. கூட்டம் இருக்கும். நாளன்னைக்குப் போ."

"சரிம்மா. நாளைக்கு முன்கம்பு நான்தான் பிடிப்பேன்."

"கால்?"

"ஒரு நாள்தானே."

உலகம்மை காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் காலை முதலில் வந்தவர் செல்லத்தாய். இடுப்பெலும்பு முறிந்து, தேறி, தடியோடு நடப்பவர். மடியில் ஒரு தேங்காயும் பூவும் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லசிவம் வலது முன்கம்பில் தோள் கொடுத்தான். இசக்கிமுத்து பின்னால் போனான்.

முந்நூறு படி வரைக்கும் பழைய நல்லசிவமாகவே ஏறினான். வழியில் இருந்தவர்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். நானூறில் முழங்காலுக்குள் யாரோ ஊசி வைத்துத் தைப்பதுபோல் இருந்தது. பின்னாலிருந்து இசக்கிமுத்து, "அண்ணாச்சி, இறக்கி வைப்போமா?" என்றான்.

"நட நட."

நானூற்று அறுபதாவது படியில் கால் மடங்கிவிட்டது.

கம்பு தோளிலிருந்து நழுவியது. டோலி வலது பக்கம் சரிந்தது. மற்ற மூன்று பேரும் தாங்கிப் பிடித்ததால் செல்லத்தாய் விழவில்லை. மடியில் இருந்த தேங்காய் மட்டும் விழுந்து உருண்டது. படிப்படியாகத் தட்டிக்கொண்டே அது கீழே போகும் சத்தத்தைக் கூட்டம் முழுவதும் நின்று கேட்டது. எங்கேயோ கீழே உடைந்தது.

செல்லத்தாய் நடுங்கிக்கொண்டே இறங்கினார். படியில் கிடந்தவனிடம் குனிந்து, "எனக்கு ஒண்ணுமில்லய்யா. உனக்கு?" என்று கேட்டார்.

அவர் திட்டியிருக்கலாம் என்று நல்லசிவத்துக்குத் தோன்றியது.

நிழலான ஒரு திருப்பத்தில் அவரை உட்காரவைத்துவிட்டு, கூட்டத்திலிருந்து ஒரு ஆளைச் சேர்த்துக்கொண்டு இசக்கிமுத்து வெறும் டோலியோடு வந்தான்.

"ஏறுங்க அண்ணாச்சி."

"நான் இறங்கிருவேன்."

இறங்கவும் செய்தான். எழுந்து நிற்க முடியாததால் உட்கார்ந்தபடியே, ஒரு படி, அடுத்த படி என்று கைகளை ஊன்றி நகர்ந்தான். மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரமாக ஒதுங்கினார்கள். பதினேழு படி. பதினெட்டாவதில் இசக்கிமுத்துவும் மற்றவர்களும் ஒன்றும் கேட்காமல் அவனைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டார்கள்.

அவன் டோலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு கையாலும் இரண்டு கம்பையும் இறுகப் பிடித்துக்கொண்டான். "வலது பக்கம் பார்த்து," என்றான். "முந்நூத்திப் பன்னிரண்டாவது படி உடைஞ்சிருக்கும்" என்றான். "இசக்கி, தோளை மாத்து. இப்படித் தூக்கினா கழுத்து பிடிச்சுக்கும்." திருப்பங்களில் அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு பக்கமாகச் சாய்ந்தான். "உங்களுக்குக் கஷ்டம்டா, எறக்கிவிடுங்கடா" என்று நாலு தடவை சொன்னான். எதிரே தெரிந்த முகம் ஏதாவது வந்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். கீழே வந்து சேர்ந்தபோது தூக்கியவர்களைவிட அவன்தான் அதிகம் களைத்திருந்தான். தூக்கியவர்களை அவன் பார்க்கவில்லை.

டவுன் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். இனி பாரம் தூக்கக் கூடாது. "நாப்பத்தொம்பது வயசுல இதெல்லாம் சகஜம்தான்" என்று சிரித்தார். கால் போனதைவிட அந்தச் சகஜம் நல்லசிவத்துக்கு வலித்தது.

ஒரு மாதம் படுக்கை. வடக்கே போவது தானாகவே நின்றது. கட்டி வைத்த பையிலிருந்து ஒவ்வொரு வேட்டியாக எடுத்து உடுத்த வேண்டியதாகிவிட்டது. தாடியில் சாயம் பூச யாரிடமும் கேட்க முடியவில்லை. அடியில் வெள்ளையும் நுனியில் கறுப்புமாக அது வளர்ந்தது. முதல் வாரம் துண்டால் மறைத்தான். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

மார்கழியில் ஒரு நாள் காலை உலகம்மை வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். வெளியே எல்லாரும் போர்த்திக்கொண்டு திரிந்தார்கள். உலகம்மை கையில் விசிறி. இரண்டு வருடமாக அப்படித்தான். திடீரென்று முகம் சிவந்து வியர்க்கும், விசிறுவார், கொஞ்ச நேரத்தில் அடங்கும். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல," என்றான் நல்லசிவம்.

"என்ன கேட்டே?"

"இனிமே நான் என்னன்னு."

உலகம்மை விசிறிக்கொண்டே, "எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றார். "இத்தனை வருசத்துல நீ தூக்கினதுலயே கனமான ஆள் யாரு?"

நல்லசிவத்தின் முகம் மாறியது. ஒரு மாதமாக யாரும் அவனிடம் அவனுக்குத் தெரிந்ததைக் கேட்கவில்லை.

"மரக்கடை சங்கரபாண்டியன்னு நினைக்கீங்களா? நூத்திப் பத்து கிலோ. அவர் இல்ல. அவர் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிருவார். பஞ்சு மாதிரி."

"பிறகு யாரு?"

"ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வந்தாரு. நாப்பத்தஞ்சு கிலோ இருந்தா அதிகம். அம்மா, அந்த மனுசன் ரெண்டு கம்பையும் பிடிச்ச பிடியை விடல. இப்படித் திரும்பு, அங்க கால் வைக்காதேன்னு வழி பூரா உத்தரவு. திருப்பத்துல நமக்கு ஒத்தாசை பண்றதா நினைச்சுக்கிட்டு ஒரு பக்கமாச் சாய்வாரு. நாப்பது படிக்கு ஒருக்கா 'உங்களுக்குச் சிரமம், எறக்கிவிட்ருங்க'ன்னு கும்பிடுவாரு. மூணு நாள் தோளைத் தூக்க முடியல எனக்கு."

"லேசான ஆள்?"

"ஒரு ஆச்சி. நல்ல தாட்டியான உடம்பு. வெத்தலை போட்டுக்கிட்டு, குரங்கைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு வந்தாங்க. மேல போய் இறக்கினதும், 'அதுக்குள்ளயா வந்துட்டோம்?'னு கேட்டாங்க."

சொல்லிவிட்டு நல்லசிவமே சிரித்தான். கார்த்திகைக்குப் பிறகு அவன் சிரித்தது அப்போதுதான்.

உலகம்மையும் சிரித்தார். விசிறியை மடியில் வைத்தார்.

"இசக்கிமுத்துகிட்ட கேட்டியா?"

"என்னத்தை?"

"நீ எவ்வளவு கனம்னு."

உலகம்மை எழுந்து போய்விட்டார்.

மூன்று நாள் அவன் கேட்கவில்லை. நான்காம் நாள் இசக்கிமுத்து கஞ்சி கொண்டுவந்தபோது கேட்டான்.

இசக்கிமுத்து தயங்கினான். "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி."

"சொல்லு."

"ரெண்டு ஆள் கனம்."

துண்டை விலக்கித் தோளைக் காட்டினான். தோல் உரிந்து ஆறிய தடம் இன்னும் செம்மண் நிறத்தில் இருந்தது. நல்லசிவம் அதைப் பார்த்தான். தன் தோளிலும் அந்த இடத்தில்தான் காய்ப்பு இருக்கிறது என்று நினைத்தான். ஆறிப்போன கஞ்சியை எடுத்துக் குடித்தான்.

பிறகு சொன்னான்: "தைப்பூசத்துக்கு எனக்கு மேல போகணும். தூக்குவீங்களா?"

அந்தக் கேள்வியை அவன் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டதில்லை. சொல்லி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அதுக்கென்ன அண்ணாச்சி," என்றான் இசக்கிமுத்து.

தைப்பூசத்தன்று காலை அவன் டோலியில் ஏறினான். கைகளை மடியில் வைத்துக்கொண்டான். தாடி முக்கால்வாசி வெள்ளையாகிவிட்டிருந்தது. தெரிந்தவர்கள் எதிரே வந்தார்கள். சிலர் கும்பிட்டார்கள், அவனும் கும்பிட்டான். சிலர் பார்க்காததுபோல் போனார்கள், அவனும் விட்டுவிட்டான். முந்நூற்றுப் பன்னிரண்டாவது படி வந்தபோது வாய்வரை வந்ததை விழுங்கினான். இசக்கிமுத்து தானாகவே அதைத் தாண்டிக் கால் வைத்தான். அவனுக்கும் அந்தப் படியைத் தெரிந்திருந்தது.

முருகனைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அடிவாரத்தில் டோலியை இறக்கியதும் இசக்கிமுத்து தோளைத் தடவிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான்.

நல்லசிவம் தடியை ஊன்றி மெல்ல நடந்து உலகம்மையிடம் வந்தான். உலகம்மை தூணில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"போயிட்டு வந்துட்டேன்ம்மா."

"ம்."

"பிடிக்கக் கூடாதுன்னுதான் உட்கார்ந்தேன். ஆனாலும் ரெண்டு இடத்துல கம்பைப் பிடிச்சுட்டேன்."

உலகம்மை மலைக்குப் போனால் தன் காலால்தான் ஏறி இறங்குவார். ஒரு நாளும் டோலியில் உட்கார்ந்ததில்லை. அது நல்லசிவத்துக்குத் தெரியும்.

"ரெண்டுதானா?" என்றார் உலகம்மை. "எனக்கு ஒரு நாளைக்கே ஏழெட்டுத் தடவை இந்த விசிறியைப் பிடிக்க வேண்டி வருது."