கட்டிலுக்குப் பின்னால்

குற்றாலத்தில் ஆவுடையப்பனைக் குரு என்று யாரும் கூப்பிட்டதில்லை. ஆறு அறை லாட்ஜ் ஒன்றை வைத்துக்கொண்டு, கைலியோடு வாசலில் நின்று 'வாங்க, ரூம் இருக்கு' என்று சொல்பவரை யார் குரு என்பார்கள்? லோகநாயகி மட்டும் மனதுக்குள் அப்படி வைத்திருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவள் என்பதால் வெளியே 'தம்பி' என்றுதான் கூப்பிட முடிந்தது.

கணவர் போன பிறகு ராஜபாளையத்து வீட்டை விற்று, அந்தப் பணத்தில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் வாங்கலாம் என்று வந்தவள் அவள். கொழுந்தன் சுடலைமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

"ரெண்டு சீசன் தாண்டாது மைனி. எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு ரூமை ஒழிச்சு வைக்கேன். எப்படியும் அங்கதான வரணும்?"

அவன் கெட்டவன் இல்லை. அக்கறையோடுதான் சொன்னான், அதுதான் அதிகமாகச் சுட்டது. அந்த அறையை அவள் பார்த்திருக்கிறாள். அதில் நிமிர்ந்து நிற்க முடியாது.

வந்தவள் ஆவுடையப்பன் லாட்ஜில்தான் தங்கினாள். ஊரில் இரண்டு லாட்ஜுகள் விலைக்கு இருந்தன. தொழில் தெரிந்தவர் ஆயிற்றே என்று இரண்டையும் பார்க்க அவரைக் கூட்டிப்போனாள்.

முதல் லாட்ஜில் அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை, பத்திரத்தைக் கேட்கவில்லை. ஓர் அறைக்குள் போய்க் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தார். தலைமாட்டுச் சுவரில் பழுப்பாக எண்ணெய்க் கறை, வட்டம் வட்டமாக. லோகநாயகி முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது லாட்ஜிலும் கட்டிலை இழுத்தார். அங்கே சுவர் பால் மாதிரி இருந்தது.

"எதை வாங்கலாம் தம்பி?"

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"இதுதான். பளிச்சுன்னு இருக்குல்லா."

"நான்னா வாங்க மாட்டேன்."

"ஏன்?"

அவர் கட்டிலைத் திரும்பச் சுவரோடு தள்ளினார். பேரருவிக்குக் கூட்டிப்போனார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெயைத் தடவிக்கொண்டு ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் அருவியில் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இவங்கல்லாம் எங்கக்கா போய்த் தலைசாய்ப்பாங்க?"

"ரூம்லதான்."

அவர் திரும்பி நடந்தார். அவளுக்கு அதற்கு மேல் யோசிக்கப் பொறுமை இல்லை. வெள்ளைச் சுவர் லாட்ஜையே வாங்கினாள்.

அந்த லாட்ஜின் வாசலில் பழைய முதலாளி மாட்டிய பலகை ஒன்று இருந்தது. 'எண்ணெய் தேய்த்த உடம்புடன் அறைக்குள் வரக் கூடாது. மீறினால் அபராதம்.' லோகநாயகிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எழுத்து மங்கியிருந்ததால் ஆளை வைத்துப் புதிதாகவே எழுதினாள். ஊரெல்லாம் எண்ணெய் வழிகிற இடத்தில் அப்படி ஒரு பலகை. மீன் மார்க்கெட்டில் நின்று மூக்கைப் பொத்துகிற கதைதான்.

சீசன் வந்தது. பக்கத்து லாட்ஜுகளில் கூட்டம் வராந்தா வரை படுத்திருந்தது. இவள் வாசலுக்கு வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள், தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். சுவர்கள் மட்டும் பளிச்சென்றே இருந்தன. முதல் சீசன் அப்படியே போயிற்று. இரண்டாவதும் பாதி போய்விட்டது. சுடலைமுத்து போனில் அந்த மாடிப்படி அறைக்கு ஃபேன் போட்டுவிட்டதாகச் சொன்னான்.

அன்றைக்கு அவள் ஆவுடையப்பனிடம் ஓடினாள்.

"ஆள் வர என்ன தம்பி செய்யணும்?"

"சாயங்காலம் உங்க லாட்ஜ்ல எனக்கு ஒரு ரூம் போடுங்க. வாடகை தாரேன்."

சாயங்காலம் வந்தார். தலையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. காதோரம் வழிந்து, தோளில் போட்டிருந்த துண்டு ஊறிப்போயிருந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அறையை நோக்கி நடந்தார்.

லோகநாயகி தன்னை அறியாமலே குறுக்கே கையை நீட்டினாள்.

"தம்பி, சுவரு..."

அவர் நின்றார். சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

அவள் வாசலுக்கு வந்து பலகையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்தப் பலகையைத் தன் கையாலேயே கழற்றினாள். மறுநாள் அதைக் கொல்லைப்புறத்தில் வெந்நீர் அண்டாவுக்கு அடியில் வைத்து எரித்தாள். வாசலில் ஒரு கிண்ணம் நிறைய நல்லெண்ணெய் வைத்தாள். கொல்லையில் வெந்நீர், ஒரு சட்டியில் சீயக்காய். பழைய வேட்டிகளைக் கிழித்துத் தலை துவட்ட மடித்து வைத்தாள்.

வந்தார்கள். விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது, அவர்கள் சொல்லி இன்னொன்று வந்தது. கார்த்திகையில் மாலை போட்ட சாமிமார்கள் வந்தார்கள். அடுத்த ஆனியில் போன வருஷத்துப் பிள்ளைகள் ஓடிவந்து 'ஆச்சி, எங்க ரூமு' என்று தாங்களாகவே சாவியை எடுத்துக்கொண்டார்கள். தலைமாட்டுச் சுவர்கள் பழுத்துக்கொண்டே வந்தன. லோகநாயகி நிமிர்ந்து நடந்தாள்.

சில வருஷம் கழித்து, ஐந்தருவிச் சாலையில் இதைவிடப் பெரிய லாட்ஜ் ஒன்று விலைக்கு வந்தது. இதை நல்ல விலைக்கு விற்றால்தான் அதை வாங்க முடியும். செய்தி கேட்டு சுடலைமுத்து ஆட்டோவில் சுண்ணாம்பு மூட்டையோடு வந்து இறங்கினான்.

"மொதல்ல வெள்ளையடிங்க மைனி. இந்தச் சுவத்தப் பாத்தா எவன் வாங்குவான்? பாதி விலைக்குக் கேப்பான். அப்புறம் பெரிய லாட்ஜும் கெடையாது, இதுவும் கெடையாது."

அவன் சொன்னதில் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஆவுடையப்பனைக் கேட்கப் போனாள். அவர் மாடியில் துவைத்துக் காய்ந்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் விரிப்பின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார். இருவரும் மடித்தார்கள். கொடியில் தலையணை உறைகள் ஆடிக்கொண்டிருந்தன. எத்தனை வெளுத்தும் ஒவ்வொன்றிலும் நடுவில் மங்கலாக ஒரு வட்டம்.

அவள் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினாள். சுண்ணாம்பு மூட்டையை அதே ஆட்டோவில் ஏற்றினாள்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா மைனி?" என்றான் சுடலைமுத்து. கோபம் வந்தால் அவனுக்கு மரியாதை ஓடிவிடும்.

வாங்குவதற்குக் கடையநல்லூரிலிருந்து ரஹ்மத்நிஷா வந்தாள். புனலூரில் பல வருஷம் ஓட்டல் நடத்தியவள். சுடலைமுத்து முந்திக்கொண்டு, "சுவரு கொஞ்சம் அழுக்கா இருக்கும், அதுக்கு வேணும்னா விலையில..." என்று ஆரம்பித்தான்.

ரஹ்மத்நிஷா அவனைத் தாண்டி அறைக்குள் போனாள். மோட்டாரைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பிடித்து இழுத்தாள்.

லோகநாயகி அறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

ரஹ்மத்நிஷா சுவரை விரலால் தடவி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு குனிந்து, கட்டிலுக்கு ஒரு முழம் மேலே தாழ்வாக இருந்த சின்னச் சின்ன வட்டங்களைப் பார்த்தாள்.

"பிள்ளைங்க தல," என்றாள். "குடும்பமா வாராங்க, என்ன?"

"வருஷா வருஷம்."

"வெள்ளையடிச்சிருந்தீங்கன்னா நான் திரும்பிப் போயிருப்பேன். எதை மறைக்காங்கன்னு யோசிச்சிட்டே கெடக்கணும்."

கேட்ட விலை ஒரு பைசா குறையவில்லை. சுடலைமுத்து ஆட்டோவைக் கூப்பிட்டான். அவன் கிளம்பும்போது லோகநாயகி வாசல் வரை போனாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சுடல, அந்த மாடிப்படி ரூம்ல வெறகு கிறகு அடுக்கிக்கோப்பா. இனி சும்மா கெடக்க வேண்டாம்."

ஐந்தருவி லாட்ஜை வாங்கும்போது அவள் யாரையும் கூட்டிப்போகவில்லை. தானே கட்டிலை இழுத்துப் பார்த்தாள். அத்தனை அறையிலும் சுவர் பால் மாதிரி இருந்தது. தெரிந்தே வாங்கினாள்.

திறந்த அன்று முதல் ஆளாக ஆவுடையப்பன் வந்தார். தலையிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சாவியைக் கொடுத்து, முன்னால் நடந்துபோய் அறையைத் திறந்துவிட்டாள். அவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புதுச் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். இத்தனை வருஷமாக மனதில் கிடந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு ரெண்டு லாட்ஜ் பாத்தோமே. கறை இருந்ததுதான் ஓடுற லாட்ஜுன்னு உங்களுக்குத் தெரியும். நான் தப்பானத வாங்கும்போது கையப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாமே தம்பி?"

ஆவுடையப்பன் சுவரிலிருந்து தலையை எடுத்தார். அங்கே ஈரமாக ஒரு வட்டம் பதிந்திருந்தது. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார்.

"அந்தக் கறைச் சுவத்துல இருந்தது வேற ஒருத்தர் கூட்டிட்டு வந்த தலைங்கதானக்கா."