நெட்டேரிக் கரை வளைந்த கதை

மனிதர்களும் பறவைகளும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், நெட்டேரிப்பாக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது, மார்க்கெட் கிடையாது. ஏரியே கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! பெய்கிற மழையெல்லாம் ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்கு ஓடிவிடும். பங்குனி வந்தால் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

ஒரு வருஷம் ஊர் கூடி, கரை கட்டியே தீருவது என்று இறங்கியது. அளவுக்கயிறு பிடித்தவள் வேம்பாயி. அவள் கயிறு பிடித்தால் இம்மி பிசகாது. அந்தக் கர்வமும் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. பத்து முழத்துக்கு ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டே போவாள். பின்னால் வருகிறவர்கள் அந்தக் கல்லைப் பார்த்து மண் கொட்டுவார்கள்.

முக்கால் கரை எழும்பியிருந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. கிழக்கே மேகம் திரண்டு வந்தது. மழைக்குள் மிச்சத்தை முடிக்காவிட்டால் கட்டியதும் கரைந்துபோகும். வேம்பாயி ஓட்டமும் நடையுமாகக் கயிறு இழுத்தாள். மடியிலிருந்த கற்கள் தீர்ந்துவிட்டன. குனிந்து, கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்தாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது!

"யம்மா தாயே, அது கல்லு இல்ல! என் முட்டை!"

வேம்பாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தியது ஊமைக்குருவி! கூடு கட்டத் தெரியாமல் வெட்டவெளியில் கல்லோடு கல்லாக முட்டையிடுகிற பறவை அது. சத்தம் போட்டால் இடம் தெரிந்துவிடும் என்று தலைமுறை தலைமுறையாக வாயைத் திறந்ததில்லை. இன்றைக்குத்தான் முதல் சத்தம். காலடியில் பார்த்தால் இன்னும் மூன்று முட்டைகள், கயிற்றுக்கு நேர் கீழே.

"நான் பத்திரமா வேற இடத்துல வச்சிடறேன்" என்றாள் வேம்பாயி.

"இடம் மாறினா எனக்கே அடையாளம் தெரியாதே. இன்னும் ஆறே நாள், பொரிஞ்சிடும்."

"மழை நாலு நாள்ல வந்துடுமே!"

குருவி தத்தித் தத்திப் போனது. மூன்று முட்டைகள் மேலும் உட்கார்ந்தது. கையிலிருந்த முட்டையையும் அதன் அடியில் மெல்லத் தள்ளிவிட்டு, வேம்பாயி முளைக்குச்சியைப் பிடுங்கினாள். முட்டைகள் கரைக்கு வெளியே இருக்கும்படி கயிற்றை ஏரிப் பக்கமாக வளைத்து, குச்சியை மறுபடி அடித்தாள்.

"அக்கா, புத்தி கெட்டுப்போச்சா?" மண்கூடையோடு வந்த சடையன் அலறினான். "நேரா வந்த கரையைக் கோணலாக்குறியே! மண்ணு எவ்வளவு கூடும் தெரியுமா?"

"கோணினா கோணிட்டுப் போகுது. கூடுற மண்ணை நான் சுமக்கிறேன்."

சொன்னபடி சுமந்தாள். அவள் ஒருத்தியாகச் சுமப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சடையனும் கூடை எடுத்தான். ஒருவர் பின் ஒருவராக ஊரே வந்துவிட்டது. நாலாம் நாள் காலை கடைசிக் கூடை விழுந்தது. மத்தியானம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஏரி நிரம்புவதைப் பார்த்து ஜனங்கள் நனைந்துகொண்டே கூத்தாடினார்கள். கரையின் மறுபக்கத்தை யார் பார்த்தார்கள்?

குருவி பார்த்தது. வளைவின் வெளிப்பக்க அடியில், அது அடைகாத்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, நண்டுவளை வழியாகத் தண்ணீர் கசிந்தது. முட்டையை விட்டு நகர முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே தொண்டை கிழியக் கத்தியது.

"வாங்க! ஓடி வாங்க!"

வேம்பாயி கரையில் சறுக்கிக்கொண்டே இறங்கினாள். கசிவு அதற்குள் மணிக்கட்டு அளவு ஆகியிருந்தது. வைக்கோலைத் திணித்து, களிமண்ணை அப்பி, தன் முதுகையே முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டாள். சடையனும் மற்றவர்களும் கூடை கூடையாக மண் கொட்டினார்கள். தண்ணீர் நின்றது. கரை நின்றது! வேம்பாயி சேறும் சிரிப்புமாக எழுந்து குருவியைப் பார்த்தாள். கரையை நேராகக் கட்டியிருந்தால் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க ஒரு ஜீவன் இருந்திருக்காது.

ஆறாம் நாள் நாலு குஞ்சுகளும் பொரிந்தன. பொரிந்ததும் நாலும் கத்தின!

ஊமைக்குருவி ஆள்காட்டிக்குருவி ஆனது அன்றைக்குத்தான். ரயில் நிலையத்திலிருந்து நேராக வருகிற ஏரிக்கரைச் சாலையில் இன்றும் பஸ் அந்த இடத்தில் ஒடித்துத் திரும்புகிறது. காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவர்களைக்கூட அந்தக் குருவி விடாமல் கத்தித் தீர்க்கிறது. நெட்டேரிப்பாக்கத்துக்காரர்கள் அதைக் கல்லெடுத்து விரட்டுவதில்லை. கத்தல் கேட்டதும் நின்று, கரையின் அடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார்கள்.