சேந்தனின் வில்லுக்கு என்ன விலை?

ஊருக்கு ஒரு ராஜா இருந்த காலம் அது. எந்த ராஜா, எந்த ஊர் என்று நடுவில் கேட்காதீர்கள். எனக்குக் கதை மறந்துவிடும். மலையடிவாரத்தில் ஒரு சந்தை இருந்தது. அந்தச் சந்தையில் கொற்றன் என்று ஒரு மதிப்பாளன் இருந்தான்.

பழைய வில்லுக்கு விலை சொல்வதுதான் அவன் வேலை. விற்கிறவன் விலை சொல்லக் கூடாது, வாங்குகிறவன் பேரம் பேசக் கூடாது. கொற்றன் மூன்று காரியம் செய்வான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனையிலிருந்து முனை வரை பார்ப்பான். முறுக்கல் இருந்தால் தெரிந்துவிடும். நாண் ஏற்றுவான், அது நடுவாக ஓடுகிறதா என்று பார்ப்பான். பிறகு காதைச் சாய்த்துக்கொண்டு மெல்ல இழுத்து, மெல்லவே விடுவான். அதன் பின் அவன் சொன்னதுதான் விலை.

முன்னொரு மதிப்பாளன் ஒரு வணிகன் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, விரிசல் விட்ட வில்லுக்கு நல்ல விலை சொல்லிவிட்டானாம். அதை வாங்கியவன் போரில் செத்தான். அதன் பின் ராஜா ஒரு சட்டம் போட்டார்: மதிப்பாளன் எவர் வீட்டிலும் கை நனைக்கக் கூடாது.

கேட்க நல்ல சட்டம்தான். ஆனால் நம் ஊரில் சாப்பிடாதவனை யார் கூப்பிடுவார்கள்? கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை, காதுகுத்துக்குக் கூப்பிடவில்லை, பொங்கலுக்கும் கூப்பிடவில்லை. பெண் கொடுக்க ஒருவர் வந்தார். மாப்பிள்ளை மாமனார் வீட்டில் ஒரு வாய் சோறு தின்ன மாட்டான் என்று தெரிந்ததும் வந்த வழியே போய்விட்டார். கொற்றன் தானே பொங்கினான், தானே தின்றான், தானே சட்டியைக் கழுவினான். தனிமை பழகிப்போகும் என்று சொல்கிறவர்கள் தனியாக இருந்ததில்லை.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள். அடுத்த வீட்டுச் சேந்தன். முன்பு கோட்டை வாசலில் காவல் இருந்தவன், மனைவியை இழந்தவன். சாயங்காலம் ஆனால் இடுப்பளவு மண்சுவரைத் தாண்டி வருவான். இருவரும் தரையில் கட்டம் கீறி ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். விளையாடக் கூடாது என்று சட்டத்தில் இல்லையே.

சேந்தனிடம் ஒரு வில் இருந்தது. எருமைக் கொம்பையும் மரத்தையும் மான் நரம்பையும் பசை போட்டு ஒட்டிச் செய்தது. இரண்டு முனையும் முன்பக்கமாக மடங்கியிருக்கும். கோட்டையில் கொடுத்த பரிசு. ஆட்டத்தில் ஜெயித்தால் சேந்தனுக்குத் தலைகால் புரியாது. வில்லை எடுத்து, அம்பு இல்லாமலே நாணைக் காது வரை இழுத்து விடுவான். ‘டங்’ என்று தெரு முழுக்கக் கேட்கும்.

அம்பு இல்லாமல் நாணை விட்டால் அந்த வேகம் முழுவதையும் வில்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒட்டிய நரம்பு உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. இது கொற்றனுக்குத் தெரியாதா? அவன் தொழிலே அதுதானே. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோதே சொல்ல வாயெடுத்தான். சொன்னால் சேந்தன் முகம் சுருங்கிவிடுமோ, நாளைக்கு வராமல் இருந்துவிடுவானோ என்று பயம். வாயை மூடிக்கொண்டான். மறுநாளும் மூடிக்கொண்டான். அப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது.

ஒரு நாள் சேந்தன் சிரித்த முகமாக வந்தான். கடற்கரையூரில் கட்டிக்கொடுத்த மகள், தன்னோடு வந்து இருக்கும்படி சொல்லி அனுப்பியிருந்தாள். உப்பு வண்டிகள் இந்த மாதம் கடற்கரைக்குத் திரும்புகின்றன. வண்டி இருக்கிறது, எருதுதான் இல்லை. வில்லை விற்றால் பதினாறு பொன்னாவது வரும். பன்னிரண்டுக்கு எருது வாங்கிக்கொண்டு வண்டிகளோடு கிளம்பிவிடலாம் என்றான். கொற்றன் நல்லது என்றான். அவனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

சந்தை நாள் வந்தது. வில்லை வாங்க எயினன் என்று ஒருவன் நின்றான். மலைமேல் தினைப்புனம் காக்கிறவன். போன மாதம் ஒரு கரடி அவன் அண்ணனைக் கிழித்துப் போட்டிருந்தது. வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுப் பணம் கொண்டுவந்திருந்தான்.

கொற்றன் வில்லைப் பார்த்தான். முறுக்கல் இல்லை. நாண் ஏற்றினான். நடுவாக ஓடியது. காதைச் சாய்த்து மெல்ல இழுத்தான். கீழ் முனைப் பக்கம் சருகை மிதித்தது போல ஒரு சின்னச் சத்தம். மறுபடி இழுத்தான். மறுபடியும் கேட்டது.

இப்போது அவன் முன்னால் மூன்று வழி இருந்தது. பதினாறு பொன் என்று சொன்னால், சேந்தன் சந்தோஷமாக மகள் வீட்டுக்குப் போவான். எயினன் என்றைக்கோ ஒரு நாள் கரடி முன்னால் உடைந்த வில்லோடு நிற்பான். இரண்டு பொன் என்று மட்டும் சொல்லி, பழசாகிவிட்டது என்று கையை விரித்தால், எயினன் பிழைப்பான். சேந்தனும் எருது வாங்க முடியாமல் இங்கேயே இருப்பான். நாளைச் சாயங்காலமும் சுவரைத் தாண்டி வருவான். அந்த இரண்டாவது வழி கொற்றனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிடித்திருந்தது என்பதாலேயே அவனுக்குத் தன் மேல் அருவருப்பு வந்தது.

மூன்றாவது வழி, உள்ளதை உள்ளபடி காரணத்தோடு சொல்லிவிடுவது. அதில் போனான்.

"ரெண்டு பொன்," என்றான். "கொம்புக்கும் நரம்புக்கும்தான் அந்த விலை. வில்லுன்னு பார்த்தா இதுக்கு விலையே கிடையாது. எயினா, நீ வேற வில் பாரு."

சேந்தன் கிட்டே வந்து, நான் போகக் கூடாது என்றுதானே இப்படிச் சொல்கிறாய் என்று கேட்டான். கொற்றன் இல்லை என்று தலையாட்டினான். வில்லைச் சேந்தன் காதருகே பிடித்து மெல்ல இழுத்துக் காட்டினான். சேந்தனுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. வெறும் நாணை விட்டதால் வந்தது இது என்று கொற்றன் சொன்னான்.

சேந்தன் வில்லை வாங்கி நாணைக் கழற்றினான்.

"இப்படி ஆகும்னு உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"நீ வராம போயிடுவியோன்னு பயந்தேன், சேந்தா."

"நீ சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பேன். அதுக்காக விளையாட வராம இருந்திருப்பேனா? என்னை அவ்வளவுதான் தெரிஞ்சுதா உனக்கு?"

கோபமாகக் கேட்டிருந்தாலாவது கொற்றன் தாங்கியிருப்பான். சேந்தன் சாதாரணமாகக் கேட்டுவிட்டு வில்லை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எயினன் வேறு வில் வாங்கினான். அவன் பிள்ளைகள் அப்பா உள்ள பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். கொற்றன் அன்று செய்தது நல்ல காரியம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பதினோரு வருடம் பிந்திச் செய்தான்.

உப்பு வண்டிகள் இன்னும் கிளம்பவில்லை. முதல் நாள் சாயங்காலம் கொற்றன் கட்டம் கீறி வைத்துக் காத்திருந்தான். இரண்டாம் நாள் சுவரோரம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மூன்றாம் நாள், தான் சேர்த்து வைத்திருந்த பன்னிரண்டு பொன்னையும் ஒரு துணியில் முடிந்து சுவர்மேல் வைத்தான். அதை எடுத்தால் சேந்தன் எருது வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று தெரிந்துதான் வைத்தான். உப்பு வண்டிகள் சேந்தன் இல்லாமல் போயின. மழை வந்தது, வெயில் வந்தது, துணி வெளுத்தது. முடிச்சை யாரும் தொடவில்லை.

எவன் போய்விடக் கூடாது என்று கொற்றன் பயந்தானோ, அவன் எங்கேயும் போகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். அவன் இருமுவது கேட்டது, தண்ணீர் சேந்துவது கேட்டது, சட்டி கழுவுவது கேட்டது. கொற்றன் சாகும்வரை அதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கேட்டவர்கள் எழுந்து போகுமுன் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நண்பனை இழந்துவிடுவோம் என்று பயந்து சொல்லாமல் வைத்த உண்மை, அவன் பொருளையும் கெடுக்கும், அவனையும் நம்மிடமிருந்து பிரிக்கும்.