இருபத்தோராவது குடம்

தண்ணீர் லாரி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு வரும். வரும்போது அதில் இருபது குடம் மிஞ்சியிருந்தால் பெரிது. பூங்காவனத்தின் மூன்று குடங்களும் வரிசையில் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. பத்தரை மணிக்கு மகளுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் கை கழுவத் தண்ணீர் இல்லையென்றால் பேரப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிறவரை சொல்லிக்காட்டுவார்கள். அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னாலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தாள்.

இருபத்தோராவதாக ஒரு நீலக் குடம் வந்து நின்றது. ரோசலின் அக்காவுடையது. ஒருகாலத்தில் இந்தியாவுக்காக நூறு மீட்டர் ஓடியதாக அவள் சொல்வாள். வீட்டில் ஒரு கப்பு கிடையாது.

"கப்பு ஏன் இல்லன்னு கேளுங்கடி" என்றாள் வந்ததும்.

"யாரும் கேக்கலியே" என்றாள் தையல்காரி ஷம்ஷாத். வரிசையில் முதல் குடம் அவளுடையது.

"ஜில்லாப் போட்டி. இந்தக் குடந்தான் கோடுன்னு வெச்சுக்கோ." ரோசலின் நீலக் குடத்தை நாலடி முன்னால் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் குனிந்து கையை ஊன்றிக் காட்டினாள். "ஓடுனேன். ஓடுனத ஒருத்தர் கண்ணும் பாக்கல, அவ்ளோ வேகம். போட்டோ எடுத்தாங்க, அதுல வெறும் தூசி. ரெண்டாவது வந்தவ கையில கப்பக் குடுத்துட்டாங்க."

பெண்கள் சிரித்தார்கள். பூங்காவனம் தன் குடங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"மாநிலப் போட்டியில, சரி, எல்லாரும் பாக்கட்டும்னு மெதுவா ஓடுனேன். அப்பவும் நான் போய்ச் சேந்து, செருப்ப மாட்டிக்கினு நிக்கிறேன், அப்பாலதான் துப்பாக்கிச் சத்தம் வருது. சத்தத்துக்கு முந்தி காலெடுத்தா செல்லாது, வெளிய போன்னுட்டாங்க. நான் ஒண்ணும் பேசல. சட்டம் சட்டந்தான்."

"இன்னாக்கா, அதோட விட்டுட்டியா?"

"விடுவனா? டில்லிக்குக் கெளம்பினேன். சென்ட்ரல்ல ரயிலு போயிடுச்சு." குடத்தைத் தூக்கி இன்னும் தள்ளி வைத்தாள். "இது கூடூர் ஸ்டேஷன். இங்கயே ரயிலப் புடிச்சிட்டேன். ஆனா ஓட்டம் நிக்கல. நாக்பூர்ல பிளாட்பாரத்துல துண்ட விரிச்சுப் படுத்துத் தூங்குனேன், ரயிலு வர்ற வரைக்கும்."

"அப்படியே டில்லிக்கு ஓட வேண்டியதுதானே? எதுக்கு ரயில்ல ஏறுனே?"

"டிக்கெட்டு எடுத்தாச்சே ஷம்ஷாத்து. வீணாக்கலாமா?"

பூங்காவனத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. எண்ணிக்கை பதினொன்றில் விட்டுப்போயிற்று.

"ஜப்பான்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா நம்ப மாட்டீங்க."

"இதுவரைக்கும் நம்பினோமாக்கும்" என்றாள் ஷம்ஷாத்.

"இதான் முடிவுக் கோடு." நீலக் குடம் மறுபடி நகர்ந்தது. "ஓடறேன் ஓடறேன், என் நிழலு கூட ஓட முடியாம பின்தங்கிடுச்சு. நான் முதல். நிழலு ரெண்டாவது. அதுக்கப்புறந்தான் சீனாக்காரி."

"அப்போ தங்கம் எங்கே?"

"நீயும் நிழலும் ஒரே ஆளு, ஒரு ஆளுக்கு ஒரு மெடல்தான், தங்கமா வெள்ளியா, எது வேணும்னாங்க. பாவம், அதுவும் ஓடுச்சேன்னு, நிழலுக்கு வெள்ளிய குடுங்கன்னுட்டேன். ஆனா நிழலுக்குக் கழுத்து ஏது? மாட்டிப் பாத்தாங்க, நிக்கல. திரும்ப வாங்கிக்கினாங்க."

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. எல்லாரும் தங்கள் குடத்துக்கு ஓடினார்கள். பூங்காவனம் பழக்கம்போல முன்னாலிருந்து எண்ணினாள். முதல் குடம் நீலம். தன்னுடையவை பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.

மற்றவர்களுக்கு ஒரு இடம் தள்ளிப்போனால் என்ன, தண்ணீர் வந்துவிடும். அவரவர் குடத்தின்மேல் கை வைத்துக்கொண்டு லாரியைப் பார்த்தார்கள்.

"அக்கா, உங்க குடம் கடைசில இருந்துச்சே."

"நான் ஓடுனா யாரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு பூங்காவனம்?" என்றாள் ரோசலின். வரிசை முழுக்கச் சிரித்தது.

பூங்காவனம் சிரிக்கவில்லை. நீலக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசி வரை நடந்தாள். தன் மூன்றாவது குடத்துக்குப் பின்னால் அதை இறக்கி வைத்தாள்.

"இப்பத்தான் ஹாரன் அடிச்சான். நீங்க அதுக்கு முந்தியே காலெடுத்துட்டீங்க. செல்லாதுக்கா."