எண்பதில் வரும் நடுக்கம்

பொள்ளாச்சிப் பக்கம் நல்லசிவம் என்று ஒரு மில் முதலாளி இருந்தார். தன் காரைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. ஒருநாள் கல்யாணத்துக்குப் போகும் வழியில் டிரைவர் மாகாளி, "ஸ்டீயரிங் நடுங்குதுங்க, சக்கரத்தைப் பார்க்கணும்" என்றதும் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சீறினார்.

"நடுங்கறது உன் கை. வயசாயிருச்சு. இல்லைன்னு இங்கேயே நிரூபி, முடியலைன்னா வேலையை விட்டுப் போயிரு."

மாகாளி பணிவாகவே சொன்னார்: "என் கைதானுங்க. ஆனா ரொம்ப விவரமான நடுக்கமுங்க. அறுபதுல வராது, எண்பதைத் தொட்டாத்தான் வரும். உங்க கைக்கும் தொத்துதான்னு ஒருக்கா பாருங்களேன்."

பின்சீட்டில் இருந்த முதலாளியம்மா சிரித்துவிட்டார். நல்லசிவம் ரோஷத்தோடு தானே ஓட்டினார். அறுபது கிலோமீட்டர் வேகம் வரை கார் வழுக்கிக்கொண்டு போனது. எண்பதில் அவர் கை முழங்கை வரைக்கும் உதறியது.

"அடடா, தொத்திருச்சுங்களே!" என்றார் மாகாளி.

வழியிலிருந்த டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றினார்கள். ரிம் நெளிந்திருந்தது.

"எதிலேயோ ஏத்தியிருக்காங்க" என்றார் கடைக்காரர். முதலாளி மாகாளியை முறைத்தார்.

"அவரை ஏனுங்க முறைக்கறீங்க?" என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு. நீங்கதானே ஓட்டிட்டுப் போய் சென்டர் மீடியன்ல ஏத்துனீங்க!"

நல்லசிவத்தின் குரல் இறங்கிவிட்டது. "ரிம் நெளிஞ்சது தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்றதுக்கென்ன, மாகாளி?"

"சக்கரத்தைப் பார்க்கணும்னதுக்கே வேலை போகப் பாத்துச்சுங்க. ரிம்மைச் சொல்லியிருந்தா நான் ஊரை விட்டே போயிருக்கணும்."

முதலாளியும் சிரித்துவிட்டார்.